பிரஷர் டேங்க்: 'காற்றுக்குடம்' சரிவருமா?

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். பிரஷர் டேங்க் என்பது தண்ணீர்ப் பம்போடு இணைந்த, உள்ளே காற்று அடைத்த மூடிய கலன். அதற்குத் தமிழ்ப்பெயர் தேடும் நம் பேச்சில் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> அழுத்தத் தொட்டி என்றே வைத்துக்கொள்ளலாம். எல்லாருக்கும் புரியும்.

புரியவில்லை, ஐயா. சிங்கப்பூரில் அடுக்குமாடிக் கட்டடங்களின் தண்ணீர்ப் பம்புகளைப் பராமரிப்பது என் வேலை. ஊரிலிருந்து புதிதாக வந்த தம்பிக்கு நானே தமிழில் குறிப்பு எழுதிக் கொடுத்தேன். 'தொட்டியின் வால்வை மூடவும்' என்று எழுதியிருந்தேன். அவர் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் வால்வை மூடிவிட்டார். மேல்மாடி வீடுகளுக்கு அரைமணி நேரம் தண்ணீர் இல்லை. அவர்மேல் தவறில்லை. தொட்டி என்றால் தண்ணீர் தேங்கும் இடம் என்றுதான் யாரும் நினைப்போம்.

இது தண்ணீரைத் தேக்கும் பொருளே இல்லை என்பது பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது கைப்பட விளங்கியது. அம்மா வீட்டுக் கிணற்று மோட்டார், குழாயைத் திறந்தால் ஓடும், உடனே நிற்கும், மறுபடி ஓடும். மோட்டார் போச்சு என்றார் மாமா. நான் டேங்கின் காற்று வால்வு ஊசியை அழுத்தினேன். காற்று வரவேண்டிய இடத்தில் தண்ணீர் பீச்சியது. உள்ளே தண்ணீரையும் காற்றையும் பிரிக்கும் ரப்பர் பை கிழிந்திருந்தது.

மின்சாரத்தை நிறுத்தி, குழாயைத் திறந்து அழுத்தத்தை இறக்கிவிட்டுக் கழற்றினோம். உள்ளே தண்ணீர் நிறைந்து கனத்தது. மச்சானும் நானும் சேர்ந்துதான் இறக்கினோம். புது டேங்கை ஒரு கையால் தூக்கி வந்தேன். தண்ணீர் ஏற்றும் முன்பே அதன் காற்றை அளந்தேன். ஏற்றியபின் அளந்தால் தண்ணீரின் அழுத்தத்தைத்தான் மீட்டர் காட்டும். எங்கள் சுவிட்ச் 20 பிஎஸ்ஐயில் (பிஎஸ்ஐ என்பது அழுத்தத்தின் அலகு) மோட்டாரைப் போடும், 40இல் நிறுத்தும். போடும் அளவுக்கு 2 குறைவாக, 18 வைத்தேன். தண்ணீர் ஏற்றும் முன் வைக்கும் இந்தக் காற்றழுத்தத்துக்கு 'முன்காற்று' என்ற சொல் போதும் என்று நினைக்கிறேன்.

அது 24 லிட்டர் டேங்க். கணக்குப் போட்டால், மோட்டார் நின்று மறுபடி ஓடுவதற்குள் ஏறக்குறைய 8 லிட்டர் தண்ணீர்தான் வெளியே வரும். 40 பிஎஸ்ஐயில் நிரம்பி நிற்கும்போதும் உள்ளே பாதிக்கு மேல் காற்றுதான். நெருக்குண்ட அந்தக் காற்றுதான் தண்ணீரைத் தள்ளுகிறது. பெயரில் காற்று இருந்தே ஆகவேண்டும்.

நம் குழுவில் அக்கா ஒருவர் சொன்ன 'அழுத்தக்கலன்' பாய்லருக்கும் பொருந்தும் பொதுப்பெயர். எனக்கு முதலில் தோன்றிய 'உந்துகலம்' ஏவுகலத்தை நினைவூட்டுகிறது. அதனால் 'காற்றுக்குடம்' என்கிறேன். குடத்துக்கு வாய் திறந்திருக்க வேண்டாமா என்று நேற்று ஒருவர் கேட்டிருந்தார். வீணையின் குடம் மூடியதுதானே? மாட்டுவண்டிச் சக்கரத்தின் நடுக்கட்டையும் குடம்தான். உருண்டு திரண்ட பொருளுக்கு அந்தப் பெயர் நமக்குப் பழகியதே.

அந்தத் தம்பிக்குக் குறிப்பை மாற்றி எழுதிவிட்டேன்: 'காற்றுக்குடத்தின் வால்வை மூடி, உள்ளிருக்கும் தண்ணீரை வடித்தபின் முன்காற்றை அளக்கவும்.' படித்துவிட்டு, "அந்தச் சிவப்பு உருண்டையா அண்ணே?" என்று கேட்டார்.

உட்லண்ட்ஸிலிருந்து,
உங்கள் குழு உறுப்பினன்