போலும் விர்ஜினியும் உங்களுக்கு எங்கே எதிர்ப்பட்டார்கள்?

ரோஸ் ஹில், தமிழாசிரியை:

போன வாரம் வகுப்பில் ‘போல் விர்ஜினி’ கதையைத் தமிழில் சொல்லப் பார்த்தேன். நம் மொரீஷியஸ் தீவில் ஒன்றாக வளர்ந்து காதலிக்கிற இருவர், கப்பல் உடைந்து அவள் மூழ்கிப் போகிற பிரெஞ்சு நாவல். முதல் வரியில், பையனின் பெயரிலேயே (Paul) மாட்டிக்கொண்டேன். பலகையில் ‘பால்’ என்று எழுதினால் பசுமாடு வந்துவிடுகிறது. ‘போல்’ என்று எழுதினால் கடைசி பெஞ்சுப் பையன், “யாரைப் போல், மிஸ்?” என்கிறான். சிரித்து முடியவே நேரம் போய்விட்டது. அப்புறம் கேட்டேன், புத்தகத்தைப் படித்தவர் யார்? ஒரு கையும் எழவில்லை. கதை தெரியாதவரும் ஒருவர்கூட இல்லை!

பெர்னார்தேன் த சேன் பியேர் மொரீஷியஸில் இருந்தது 1768 முதல் 1770 வரைதான். 1788இல் கதையை வெளியிட்டார். தீவு இன்னும் அதை விடவில்லை. உங்களுக்கு அது எப்படி வந்து சேர்ந்தது?

குர்பிப், குடும்பத்தலைவி:

எனக்குச் சிலை வழியாக. டவுன்ஹால் பக்கத்துத் தோட்டத்தில் போல் விர்ஜினியை முதுகில் சுமந்து ஆற்றைக் கடக்கிறானே, அந்த வெண்கலச் சிலை. பிராஸ்பேர் தெபினே 1881இல் செய்தது. மூலச் சிலை போர்ட் லூயியில் புளூ பென்னி மியூசியத்தில் இருக்கிறது.

என் கல்யாணத்தன்று போட்டோக்காரர் எங்களை அங்கே கூட்டிக்கொண்டு போய், “அதே மாதிரி தூக்குங்கள்” என்று இவரிடம் சொன்னார். எங்கள் ஊரைப் பற்றித்தான் தெரியுமே, மழைக்காலம் ஒன்று, நிறைய மழைக்காலம் ஒன்று. புல் சொதசொதவென்று இருந்தது. என் பட்டுச்சேலை, நகை, மாலை எல்லாம் சேர்த்து இவர் முதுகில் ஏற்றியதும் இரண்டடி எடுத்து வைத்தார். மூன்றாவது அடியில் வேட்டி கழன்றது. ஒரு கையால் என்னையும் மறு கையால் வேட்டியையும் பிடித்தபடி நிற்கிற போட்டோதான் இன்றும் கூடத்தில் மாட்டியிருக்கிறது. மாமியாருக்கு அது பிடிக்காது. கழற்றச் சொல்லவும் மாட்டார்.

பாம்ப்ளமூஸ், டாக்சி ஓட்டுபவர்:

டீச்சர், பைபிளில் ‘பவுல்’ என்றுதானே போட்டிருக்கிறது? அப்படியே எழுதிவிடுங்களேன்.

நான் இந்தக் கதையில்தான் பாதிப் பிழைப்பு நடத்துகிறேன். வண்டியில் ஏறுகிறவர்கள் கேட்பது, “கல்லறை எங்கே?” கற்பனைப் பிள்ளைகளுக்கு ஏது கல்லறை? ஆனால் கதையில் பாம்ப்ளமூஸ் கோயிலுக்கு மேற்கே, மூங்கில் புதரடியில் புதைத்ததாக வருகிறது. அதனால் மாதா கோயில் பக்கம் கொண்டுபோய் நிறுத்துவேன்.

ஒருமுறை பிரான்ஸிலிருந்து ஒரு பாட்டி வந்தார். கையில் அட்டை பிய்ந்த பழைய பிரதி. நூல் கட்டித்தான் தாள்கள் நின்றன. கோயில் சுவரோரம் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். மனசு கேட்காமல், “மதாம், அவர்கள் நிஜ மனிதர்கள் இல்லை” என்றேன். “தெரியும் தம்பி, என் அம்மாவுக்கும் தெரியும்” என்றார். அவர் அம்மா வாசித்த பிரதியாம் அது. அதற்கப்புறம் நான் யாரையும் திருத்தப் போவதில்லை.

அங்கிருந்து பூத்ர தோர் போனோம். கதையில் விர்ஜினி வந்த சேன் ஜெரான் கப்பல் உடைந்ததன் 200ஆம் ஆண்டில், 1944இல் வைத்த நினைவுத்தூண் கடலோரம் நிற்கிறது. கப்பல் மட்டும் நிஜம். பிரெஞ்சுக் கம்பெனிக் கப்பல், 1744 ஆகஸ்ட்டில் பவளப்பாறையில் மோதியது. கரை சேர்ந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். கதைக்காரர் அதை டிசம்பருக்குத் தள்ளி, புயலையும் சேர்த்துவிட்டார். ஆகஸ்ட்டில் இங்கே புயல் வராது என்பது நம்ம ஊர்க் குழந்தைக்கும் தெரியும். மனுஷன் இரண்டு வருஷம் இருந்தாலும் வானத்தைச் சரியாகத்தான் பார்த்திருக்கிறார்.

மாஹேபூர், கல்லூரி மாணவி:

எல்லாரும் உருகுகிறீர்கள், நான் கொஞ்சம் சண்டை போடுகிறேனே. எங்கள் ஊர் மியூசியத்தில் அந்தக் கப்பலின் மணி இருக்கிறது. சின்ன வயதில் அதைப் பார்த்து அழுதிருக்கிறேன். பதினேழு வயதில் புத்தகத்தைப் படித்தபோது கோபம்தான் வந்தது. கப்பலில் கடைசியாக மிஞ்சிய மாலுமி அவளைக் காப்பாற்ற உடையைக் களையப் பார்க்கிறான். அவள் மாட்டேன் என்று நின்று மூழ்கிப் போகிறாள். கற்பாம்! என் பாட்டியிடம் சொன்னேன். “மானம் போனால் போகட்டும், உயிர் முக்கியம்டி” என்றார். பாட்டி பக்கமே நானும்.

அதைவிடப் பெரிய கோபம் வேறு. தப்பி ஓடி வந்த அடிமைப் பெண்ணை இருவரும் ரிவியேர் நுவாரிலிருக்கும் எஜமானனிடமே கூட்டிப்போய் மன்னிப்பு வாங்கித் தருகிறார்கள். பிறகு தெரியவருகிறது, அவளைச் சங்கிலியில் கட்டி, கழுத்தில் இரும்பு வளையம் மாட்டினார்களாம். இவர்கள் வழி தவறிப் பசியோடு அலைந்ததையும், நாய் ஃபிதேல் மோப்பம் பிடித்து வந்ததையும் எல்லாரும் சொல்வார்கள். அந்தப் பெண்ணைப் பற்றி யாரும் சொல்வதில்லை. ஆனாலும் மூன்று தடவை படித்துவிட்டேன், ஏன் என்று கேட்காதீர்கள்.

ரோஸ் ஹில், தமிழாசிரியை:

தங்கச்சி சொன்னதும் உட்கார்ந்து முழுப் புத்தகத்தையும் பிரெஞ்சில் படித்தேன். விர்ஜினியின் சவ அடக்கத்தில் ஒரு வரி வருகிறது. வங்காளத்துப் பெண்களும் மலபார்க் கரைப் பெண்களும் கூண்டு கூண்டாகப் பறவைகளைக் கொண்டுவந்து, அவள் உடலுக்கு மேலே பறக்கவிடுகிறார்கள். மலபார் என்றால் அந்தக் காலத்துப் பிரெஞ்சுக்காரன் வாயில் நம் ஆட்களும் அடக்கம். கவர்னர் லபூர்தொனே காலத்திலேயே புதுச்சேரியிலிருந்து கைவினைஞர்கள் இங்கே வந்திருந்தார்களே. ஒரே ஒரு வரி. இத்தனை வருஷமாக அது எனக்குத் தெரியாது.

வகுப்பில் வாசித்துக் காட்டினேன். கடைசி பெஞ்சுப் பையன், “என்ன பறவை, மிஸ்?” என்றான். புத்தகத்தில் இல்லை என்றேன். கார்தினால்தான் என்று ஒருத்தி, இல்லை புறா என்று இன்னொருவன், சண்டை மணி அடிக்கும் வரை ஓயவில்லை. பலகையில் ‘பவுல்’ என்று எழுதியிருந்ததை யாரும் கவனிக்கவே இல்லை.