ஹட்டன் – பருத்தித்துறை: 150 சிசி, கூடாரம், தனி ஆள். பைக்ல என்ன மாத்தணும்?

டிக்கோயா_தம்பி:

அண்ணன்மார் எல்லாருக்கும் வணக்கம். வர்ற மாசி மாசம் ஹட்டன்ல இருந்து பருத்தித்துறை சக்கோட்டை முனை வரைக்கும் போய் வர யோசிக்கிறேன். நாட்டோட வடக்கு நுனி அது. பைக் பழைய பல்சர் 150, கார்பரேட்டர் மாடல், டியூப் டயர். பொறந்ததுல இருந்து மலையிலேயே ஓடின வண்டி, டியூனிங் எல்லாம் இங்கதான் செஞ்சது. கூடாரம், படுக்கை, கேஸ் அடுப்பு, தண்ணி எல்லாம் சேர்த்து 25 கிலோ வரும்.

கேக்க வேண்டியது: பெற்றோல் கேன் ஒண்ணு கட்டிட்டுப் போகணுமா? கீழ இறங்கினா கார்பரேட்டர்ல கை வைக்கணுமா? டயருக்கு எவ்வளவு காத்து? கூடாரம் எங்கெங்க அடிக்கலாம்? ஏ9ல (கண்டி – யாழ்ப்பாணம் ரோடு) போய் மன்னார்ப் பக்கம் ஏ32ல (பூநகரி வழியா மன்னார் போற ரோடு) திரும்பலாமா?

கராஜ்_அண்ணே:

பெற்றோல் கவலையை விடு தம்பி. ஒரு வழி சுமார் 400 கி.மீ. உன் டாங்கி 15 லீற்றர், லீற்றருக்கு 40 ஓடினாலே 600 வருது. ஏ9ல ஊருக்கு ஊர் ஷெட் இருக்கு. கேன் கட்டினா பாரமும் நெருப்பு ஆபத்தும்தான் மிச்சம்.

கார்பரேட்டர்தான் விஷயம். ஹட்டன் ஏறக்குறைய 1,270 மீற்றர் உயரம். காத்து மெல்லிசா இருக்கிறதால அதுக்குப் பெற்றோல் கூடிப் போய்க் கலவை தடிச்சுப் போகும், பிளக் கறுக்கும். அதனால இங்க கராஜ்ல பெற்றோலைக் குறைச்சு வச்சிருப்பாங்க. அதே செட்டிங்கோட கடல் மட்டத்துக்கு இறங்கினா காத்து கூடி, பெற்றோல் பத்தாது. அறிகுறி என்னன்னா, திரொட்டிலை விட்டவுடனே சைலன்சர்ல பட்பட்னு வெடிக்கும், ஐட்லிங் ஒரு நிலையில நிக்காது, எஞ்சின் வழக்கத்தை விடச் சூடாகும், பிளக் முனை சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருக்கும்.

கண்டி இன்னும் 500 மீற்றர் உயரத்துல இருக்கு, அங்க கை வைக்காதே. தம்புள்ளையில நிறுத்தி, எஞ்சின் சூடா இருக்கும்போதே கலவை ஸ்க்ரூவைத் திருப்பு. எந்தப் பக்கம் திருப்புறதுங்கிறதுலதான் நிறையப் பேர் தப்பு விடுறாங்க. ஸ்க்ரூ கார்பரேட்டரோட எஞ்சின் பக்கம் இருந்தா அது பெற்றோலைக் கட்டுப்படுத்தும், வெளியே திருப்பினா கலவை தடிக்கும். ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தா அது காத்தைக் கட்டுப்படுத்தும், உள்ளே திருப்பினாத்தான் தடிக்கும். கால் சுத்து திருப்பு, ஒரு நிமிஷம் விட்டுப் பாரு, தேவைன்னா இன்னொரு கால் சுத்து. அரைச் சுத்துக்கு மேல கேட்டா கோளாறு வேற எங்கேயோ இருக்கு. இன்டேக் ரப்பர்ல வெடிப்பு இருக்கான்னு பாரு. வீட்டை விட்டுக் கிளம்ப முந்தியே ஸ்க்ரூவை மெதுவா உள்ளே முட்டும் வரை திருகி, எத்தனை சுத்துன்னு எண்ணிக் குறிச்சு வச்சிட்டு, திரும்பப் பழைய இடத்துக்கே கொண்டு வா. இறுக்கி முட்டினா ஊசி முனை கெட்டுப் போகும்.

இந்த ஸ்க்ரூ ஐட்லிங்குக்கும் கால் திரொட்டிலுக்கும் மட்டும்தான் வேலை செய்யும். யாராவது மெயின் ஜெட்டையே (திரொட்டிலை நல்லாத் திறந்தா பெற்றோல் வர்ற துவாரம்) சின்னதா மாத்தி வச்சிருந்தா கம்பெனி அளவு ஜெட்டைப் போட்டுட்டுக் கிளம்பு. இல்லாட்டி வன்னிச் சமவெளியில மணிக்கணக்கா ஒரே வேகத்துல ஓடும்போது எஞ்சின் பொரிஞ்சு போகும்.

டயர் கணக்கு கொஞ்சம் வேடிக்கையானது. ஹட்டன்ல வெளிக்காத்தோட அழுத்தம் கடற்கரையை விட 2 பிஎஸ்ஐ அளவுக்குக் குறைவு. அதனால இங்க 32 காட்டின டயர், சூடு மாறலைன்னா கீழே 30 காட்டும். ஆனா இங்க விடியக்காலையை விடக் கீழே மத்தியானத்துல 15 பாகை அளவுக்குச் சூடு கூட. அது 2 பிஎஸ்ஐயை ஏத்திடும். ஒண்ணுக்கொண்ணு சரியாப் போயிடுது. அதனால மத்தியானம் சூடான டயரை அளந்துட்டுக் காத்தை இறக்காதே. காலையில ஓடாத டயரை மட்டும் அள. முன்னால 25, பின்னால ஆள் ஏறினா போடுற 32 போதும்.

பிரேக்: கினிகத்தேனை இறக்கத்துல நம்ம பையன்கள் எஞ்சினை அணைச்சு நியூட்ரல்ல உருட்டுற பழக்கம் இருக்கு. சுமையோட அதைச் செய்யாதே. ரெண்டாவது, மூணாவது கியர்ல எஞ்சினே பிடிச்சு இறங்கட்டும். பின் டிரம் சூடாகினா விரிஞ்சு ஷூவை விட்டு விலகும், பெடல் ஆழமாப் போகும், கருகின வாசம் வரும். அப்ப ஓரமா நிறுத்திக் கால் மணி நேரம் ஆற விடு. தண்ணி ஊத்தாதே, சூட்டுல இருக்கிற டிரம்மும் டிஸ்க்கும் அதுல கோணிப் போகும். முன் பிரேக் ஓயில் மாத்தி ரெண்டு வருஷம் தாண்டியிருந்தா மாத்து. அது காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கும், ஈரம் சேர்ந்த ஓயில் நீண்ட இறக்கத்துல கொதிச்சு லீவரைப் பஞ்சாக்கிடும்.

பத்தனை_ரைடர்:

கராஜ் அண்ணே சுமையைப் பத்திச் சொல்லலை. 25 கிலோ தனி ஆளுக்குச் சரிதான், எங்க வைக்கிறோம்ங்கிறதுதான் கேள்வி. தண்ணி, டூல்ஸ் மாதிரிப் பாரமானதெல்லாம் சீட்டுக்கு ரெண்டு பக்கமும் தொங்குற பையில கீழே போகட்டும். கூடாரமும் படுக்கையும் பின் சீட்டு மேல குறுக்கே. பின் கெரியர்ல எதையும் தொங்க விடாதீங்க. பாரம் பின் சில்லோட அச்சைத் தாண்டினா முன் சில்லு லேசாகி, திரும்பி வரும்போது நாவலப்பிட்டி ஏத்தத்துல ஒவ்வொரு வளைவுலயும் ஹேண்டில் ஆடும்.

கொக்கி வச்ச ரப்பர் கயிறை நம்ப வேண்டாம். குலுங்கக் குலுங்க நீளும். கழண்டு செயினுக்குள்ள போனா சில்லு பூட்டிக்கும். பட்டியும் பக்கிளும் உள்ள நாடா நல்லது. இல்லாட்டி பழைய டியூபை நீளமா வெட்டிக் கட்டுங்க. சைலன்சர் பக்கப் பை ஒரு கை அகலம் தள்ளி நிக்கணும்.

பாரம் ஏத்தின பிறகு மூணு வேலை: பின் ஷொக்கோட ஸ்பிரிங்கை ரெண்டு படி இறுக்கணும், ஹெட்லைட்டைக் கொஞ்சம் கீழே இறக்கணும், செயின் தளர்வை நீங்க ஏறி உக்கார்ந்து இன்னொருத்தரை விட்டு அளக்கணும். 25 முதல் 30 மி.மீ. இருக்கட்டும். வெறும் வண்டியில அளந்து இறுக்கினா, பாரத்தோட பள்ளத்துல விழும்போது செயின் இழுபட்டு பேரிங் போயிடும். 90 நம்பர் கியர் ஓயில் சின்னப் போத்தல்ல எடுத்துக்கிட்டு 500 கி.மீ.க்கு ஒருக்கா, மழையில நனைஞ்சா அன்னிக்கே போடுங்க.

கூட எடுக்க வேண்டியது: ரெண்டு சில்லுக்கும் டியூப், டயர் லீவர் ரெண்டு, கைப் பம்ப், திறக்காத பேட்ச் சொலுஷன் (ஒருக்காத் திறந்தது உள்ளேயே காஞ்சு போயிருக்கும்), செயின் லொக் (அறுந்த செயினை இணைக்கிற துண்டு), பிளக் ரெண்டு (உங்க எஞ்சினுக்கு ரெண்டு பிளக்), ஃபியூஸ். புது கிளட்ச் கேபிளைப் பழையதுக்குப் பக்கத்துலயே ஓட்டிக் கட்டி வச்சா, அறுந்த இடத்துல ரெண்டு முனையை மட்டும் மாத்தினா போதும்.

அடுப்பு பத்தி: கடையில கிடைக்கிற பியூட்டேன் கேஸ் டின் 0 பாகைக்குக் கிட்டப் போனா ஆவியாகாது. வடக்குக்குப் பிரச்சினை இல்லை. நுவரெலியாப் பக்கம் மாசி விடியக்காலையில எரியலைன்னா டின்னைப் போர்வைக்குள்ள வச்சிருந்து எடுங்க. காத்துக்கு மறைப்புன்னு டின்னையும் சேர்த்து நாலு பக்கமும் மூடிடாதீங்க, டின் சூடாகி வெடிக்கும்.

வடமராட்சியான்:

தம்பி, பருத்தித்துறைக்கு யாழ்ப்பாணம் ரவுண் போய்ச் சுத்தத் தேவையில்லை. கொடிகாமத்தில வலப்பக்கம் திரும்பினா நேரே வரலாம்.

சக்கோட்டையில கூடாரம் அடிக்க இடமில்லை. கரை முழுக்க முருகைக்கல், பக்கத்திலேயே றோட்டும் வீடுகளும். பார்த்திட்டு மணற்காட்டுக்கு வாங்கோ. மணல் மேடும் சவுக்கங்காடும் இருக்கு. ஆனா ஆரையும் கேக்காமல் அடிக்க வேண்டாம். முதல்ல வாடியில இருக்கிற கடற்தொழிலாளரிட்டக் கேளுங்கோ. கரைவலை இழுக்கிற இடத்தில கூடாரம் இருந்தா விடியப்புறம் எழுப்பி விடுவினம், அது அவையின்ர தொழில். சவுக்கஞ் சருகு மாசியில காஞ்சு கிடக்கும், அதுக்குள்ள அடுப்பு மூட்டக் கூடாது. வெறும் மணலில வையுங்கோ.

மணலில கூடார ஆணி நிக்காது. மலையில உரப்பை தாராளமாக் கிடைக்குமே, அதைச் சின்னதா வெட்டித் தைச்சு ஆறு பை கொண்டு வாங்கோ. மணல் நிரப்பி, கயிறைக் கட்டி, ஒரு முழ ஆழத்தில தாட்டால் அசையாது. மாசியில காத்து கடல்ப் பக்கமிருந்துதான் வரும், கூடாரத்தின்ர ஒடுங்கின பக்கத்தை அதுக்குக் காட்டுங்கோ. வைகாசிக்குப் பிறகு சோழகம் (தென்மேல் காத்து) தொடங்கினா இதெல்லாம் வேற கதை. பைக்கின்ர சைட் ஸ்டாண்டுக்குக் கீழ வைக்க உள்ளங்கை அளவு பலகைத் துண்டு ஒண்டு வேணும், இல்லாட்டி இரவில புதைஞ்சு விழும். உப்புக் காத்து பட்ட செயினையும் டிஸ்க்கையும் நல்ல தண்ணியால கழுவிப் போட்டு வெளிக்கிடுங்கோ. கரையோரக் கிணறுகள் கனக்க உவர். மலைப் பீலித் தண்ணி குடிச்ச வாய்க்கு ஒத்து வராது, நல்ல தண்ணிக் கிணறு எதெண்டு கேட்டு அள்ளுங்கோ.

முக்கியமானது: பளை, முகமாலை, நாகர்கோவில் பக்கங்களில மிதிவெடி அகற்றின வேலை நீண்ட காலமா நடந்த நிலம். மண்டையோட்டுப் படத்தோட சிவப்புப் பலகை கண்டால் மட்டுமில்லை, பலகை இல்லாத பற்றைக்குள்ளயும் இறங்காதேங்கோ. ஒதுங்கிறதெண்டாலும் கடை, கோயில், பெற்றோல் ஷெட் பார்த்துப் போங்கோ. வெறும் காணி வடிவா இருக்கெண்டு அங்க கூடாரம் அடிக்கிற கதையே வேண்டாம்.

டிக்கோயா_தம்பி:

ரொம்ப நன்றி. முதல் ராத்திரி வவுனியாவுக்குக் கிட்ட ஏதாவது குளக்கட்டுல தங்கலாம்னு இருந்தேன். சரி வருமா? திரும்பி வரும்போது ரிவஸ்டன்ல ஒரு ராத்திரி?

மாங்குளம்_சந்தி:

குளக்கட்டு வேண்டாம். பொழுது படக்கை ஆனை தண்ணிக்கு வாற பாதை அதுதான். அரிசி, உப்பு, வாழைப்பழ மணம் கூடாரத்துக்குள்ள இருந்தா தேடி வரும். முதல் இரவு வவுனியா ரவுணுக்குள்ள ஒரு அறை எடுத்துப் படுங்கள். கூடாரத்தை வடக்குக்கு வையுங்கள். கட்டாயம் வெளியில தங்கிறதெண்டால் கோயில் வளவு, பள்ளிக்கூட வளவு, அனுமதியோட. தரையில படுக்கிற ஆக்களைத்தான் கட்டுவிரியன் இரவில கடிக்கிறது, கடிச்சது கூடத் தெரியாமல் போகும். கூடார ஸிப் எப்பவும் பூட்டி இருக்க வேணும், சப்பாத்தை உதறிப் போட வேணும். ஏதும் நடந்தால் 1990 அம்புலன்ஸ்.

தம்புள்ளை தாண்டினால் இருட்டில ஓடாதேங்கோ. ஆனை ஒரு காரணம், அதைவிட வன்னிக்குள்ள கட்டாக்காலி மாடுகள் சூட்டுக்கு றோட்டிலேயே படுத்திருக்கும். கறுத்த எருமை லைற்றில தெரியாது. விடிய 5 மணிக்கு ஹட்டனில வெளிக்கிட்டால் நிண்டு நிண்டு வந்தாலும் பின்னேரத்துக்கு முன்னம் வவுனியா. றோட்டு நேரா இருக்கெண்டு முறுக்க வேண்டாம், மோட்டார் சைக்கிளுக்கு 70தான், பொலிஸ் மறைவில நிக்கும்.

ஏ32 நல்ல றோட்டு. 2011இல சங்குப்பிட்டிப் பாலம் திறந்த பிறகு யாழ்ப்பாணத்தில இருந்து பூநகரி நேரடித் தொடுப்பு. பாலத்திலயும் அதுக்கு இரண்டு பக்கமும் ஒதுக்கே இல்லை, பக்கக் காத்து கூடாரப் பொதியில பிடிச்சு இழுக்கும். பொதியை உயரமாக் கட்டாதேங்கோ, டாங்கியை யாழ்ப்பாணத்திலயே நிரப்புங்கோ. உடைமரத்து முள்ளு றோட்டோரத்தில கிடக்கும், ஓரம் கட்டும்போது டயரைப் பாருங்கோ. மன்னார்ப் பக்கமிருந்து ஏ14இல மதவாச்சி வந்து ஏ9ஐப் பிடிக்கலாம்.

பத்தனை_ரைடர்:

ரிவஸ்டன் போகலாம், மாத்தளையில இருந்து ரத்தோட்டை வழியா. ஆனா அது இருக்கிற நக்கிள்ஸ் மலை வனத் திணைக்களத்தோட பாதுகாப்பு வனம். அனுமதி எடுத்து, அவங்க காட்டுற இடத்துலதான் கூடாரம். உச்சியில காத்து பொல்லாதது, கீழே இலுக்கும்புரைப் பக்கம் அமைதி. பைனஸ் காடும் புல்லும் மாசி, பங்குனியில சட்டுனு பத்திக்கும். அட்டைக் கடிக்கு உப்புத் துணி முடிச்சு ஒண்ணு எடுங்க.

நம்ம பக்கம் வந்தும் இதேதான். தோட்ட ஆபிஸ்ல சொல்லாம தேயிலை மலைக்குள்ள கூடாரம் அடிச்சா வாச்சர் ராத்திரியோட கிளப்பி விடுவார். இன்னொண்ணு, சிவனொளிபாதமலை சீசன் அது. சனி, ஞாயிறு, போயா (பௌர்ணமி) நாள்ல கினிகத்தேனை ரோடு பஸ்ஸும் வேனுமா நிறைஞ்சிருக்கும். கிளம்புறதையும் திரும்புறதையும் வார நாள்ல வச்சுக்கங்க.

டிக்கோயா_தம்பி:

ஸ்க்ரூ எஞ்சின் பக்கம்தான் இருக்கு, இப்ப ஒண்ணே முக்கால் சுத்துல நிக்குது. பிளக் முனை லேசாக் கறுப்பு.

கராஜ்_அண்ணே:

இங்கேயே கறுப்புன்னா உன் வண்டியில யாரும் பெற்றோலைக் குறைக்கலை. அப்ப தம்புள்ளையில தொட வேண்டாம், கீழே போனா தானாச் சரியாகும். ஏர் ஃபில்டரை மட்டும் கழட்டித் தூசு பாரு. கிளிநொச்சியில பிளக்கைக் கழட்டிப் பாரு, வெளிர் பிரவுண் நிறம்னா அப்படியே ஓடு. வெளுத்திருந்தா கால் சுத்து வெளியே.