ஒரு ஹாட் வீல்ஸா, ஒரு ஹாட் வீலா?

நண்பர்களே, என் குட்டிக் கார்களுக்குத் தமிழில் லேபிள் எழுத உட்கார்ந்து, சொற்களில் மாட்டிக்கொண்டேன். 'ஹாட் வீல்ஸ்' 1968இல் வந்த பொம்மைக் கார் பிராண்டின் பெயர். அப்படியென்றால் ஒற்றைக் காரையும் 'ஹாட் வீல்ஸ்' என்றுதானே எழுத வேண்டும்? தம்பி 'ஹாட் வீல்ஸ்கள்' என்கிறான்; காது கூசுகிறது. 'டை காஸ்ட்' என்று எழுதினால் அம்மா, "காருக்குப் போய் எதுக்குடா டை அடிச்சே?" என்கிறார். உருக்கிய துத்தநாகக் கலவையை அச்சுக்குள் அழுத்தி வார்ப்பதுதானே, 'அச்சுவார்ப்பு' எனலாமா?

பெரிய தலைவலி ஸ்கேல்தான், அதாவது நிஜக் காரை எத்தனை மடங்கு சுருக்கியிருக்கிறார்கள் என்ற விகிதம். 1:18 கார் கிட்டத்தட்ட முக்கால் அடி, 1:64 விரல் நீளம். 'பெரிய ஸ்கேல்' என்றால் உங்களுக்கு எது தோன்றும்? 1:64ஐ வாயால் 'ஒன்றுக்கு அறுபத்து நான்கு' என்பீர்களா, 'அறுபத்து நான்கில் ஒன்று' என்பீர்களா? சனிக்கிழமைக்குள் சொன்னால் ஒட்டிவிடுவேன்.