'பிட்வீன் தி லைன்ஸ்' படம்: வசன உரைக்கு (சப்டைட்டில்) உதவி தேவை

நண்பர்களே, எங்கள் திரைப்பட வட்டத்தில் 1977-இல் வந்த 'பிட்வீன் தி லைன்ஸ்' என்ற அமெரிக்கப் படத்தைத் திரையிட நினைக்கிறோம். ஜோன் மிக்லின் சில்வர் இயக்கியது. பாஸ்டனில் ஒரு மாற்றுப் பத்திரிகை, அதாவது பெரிய நாளிதழ்களின் போக்கிலிருந்து விலகி நடக்கும் சிறு பத்திரிகை; அதைப் பெரிய பதிப்பாளர் ஒருவர் வாங்கப்போகிறார் என்ற பேச்சு அலுவலகத்தில் சுற்றுகிறது. தனி நாயகன் என்று யாரும் இல்லை. ஒரு கும்பலே சேர்ந்து காதலிக்கிறது, சண்டை போடுகிறது, சம்பளம் போதவில்லை என்று புலம்புகிறது. விமர்சனத்துக்கு வந்த இசைத்தட்டுகளை விற்றுக் காசு பார்க்கும் ராக் விமர்சகராக ஜெஃப் கோல்ட்ப்ளம் வருவார். அவருக்காகவே பார்க்கலாம்!

திரைக்கதை எழுதிய ஃப்ரெட் பேரன் பாஸ்டனின் மாற்றுப் பத்திரிகைகளில் வேலை பார்த்தவர். 1972-இல் அங்கே ஒரு வார இதழ் கைமாறியபோது வேலையிழந்தவர்கள் சேர்ந்து 'தி ரியல் பேப்பர்' என்று சொந்தமாகவே ஒன்றைத் தொடங்கியிருக்கிறார்கள். அந்தச் சூடு படத்திலும் தெரிகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். திரையிடல் உரிமைக்கு யாரிடம் எழுத வேண்டும்? படம் மீட்டெடுக்கப்பட்டு 2019-இல் மறுபடி வெளிவந்தது. அந்தப் பிரதிதான் வேண்டும், திருட்டுப் பிரதி வேண்டாம். அப்புறம், தமிழ் வசன உரை எழுத இரண்டு பேர் கைகொடுத்தால் நல்லது. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுகிற படம், நக்கல் வேறு அதிகம். பத்திரிகையில் வேலை பார்த்தவர் யாராவது இருந்தால் இன்னும் நல்லது. பின்னூட்டத்தில் சொல்லுங்கள்.