முதலாளியிடம் 25,000 கேட்கலாமா, 21,000க்குள்ளேயே இருந்துவிடலாமா?

பேரேடு | 16 மார்ச் 2024, இரவு 10.40

கோவையில் பம்பு உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். சேர்ந்து 4 வருடம் 5 மாதம். மொத்தம் 60 பேர். சம்பளம் 20,400, அதில் அடிப்படை 12,000. பிஎஃப் 1,440, இஎஸ்ஐ (தொழிலாளர் அரசு மருத்துவக் காப்பீடு) 153 போகக் கைக்கு வருவது 18,807. கடைசியாக ஏறியது 2022 ஏப்ரலில், 900 ரூபாய். அதுவும் நான் கேட்டதில்லை, எல்லோருக்கும் போட்டபோது எனக்கும் விழுந்தது.

சேர்ந்தபோது பில் போடுவது மட்டும்தான் வேலை. இப்போது ஜிஎஸ்டி ரிட்டர்ன் முழுக்க என் தலையில். போன ஆகஸ்டில் 5 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கும் இ-இன்வாய்ஸ் கட்டாயம் என்று வந்தபோது ஒரு லோடுகூட நிற்காமல் மாற்றிக் கொடுத்தேன். இந்த மாதம் வருமான வரிச் சட்டத்தின் 43பி(எச்) பிரிவு தலைவலி. சிறு கம்பெனிகளுக்கு 45 நாளுக்குள் பணம் கொடுக்காவிட்டால் அந்தச் செலவை இந்த வருட வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியாது. எந்த சப்ளையர் அதில் வருவார் என்று உத்யம் சான்றிதழ் (சிறு தொழில் பதிவு) கேட்டு ஒவ்வொருவராகப் போன் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

25,000 கேட்கலாம் என்று இருக்கிறேன். கேட்கலாமா? எப்படிக் கேட்பது? அம்மாவுக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ், சிங்காநல்லூர் இஎஸ்ஐ ஆஸ்பத்திரியில். அதனால் ஊரை விட்டுப் போக முடியாது.

லேத்துப்பட்டறை | 17 மார்ச், காலை 7.15

தம்பி, நான் கணபதியில் 26 பேரை வைத்துப் பட்டறை நடத்துகிறேன். எதிர்த் தரப்பிலிருந்து சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். 20,400லிருந்து 25,000 என்றால் 4,600. நூற்றுக்கு 22க்கு மேல். எந்த முதலாளிக்கும் முதலில் வருவது கோபம்தான். 2022 செப்டம்பரில் கரண்ட் கட்டணம் ஏறியதிலிருந்து மெஷின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் நிலைக் கட்டணம் கட்டுகிறோம். ஆர்டர் பாதி. இதில் ஒருத்தருக்கு ஏற்றினால் சாயங்கால டீ வருவதற்குள் 26 பேருக்கும் தெரிந்துவிடும். நல்லா வேலை பார்ப்பவரை எந்த முதலாளியும் கவனிக்காமல் இல்லை. பொறுமையாக இருங்கள், தானாக வரும்.

ஓஎம்ஆர் வாசி | 17 மார்ச், காலை 9.02

தானாக வந்ததுதான் அந்த 900.

பேரேடு, கேட்கவே கேட்காதீர்கள். வேறு இடத்தில் ஆஃபர் வாங்கிக்கொண்டு போய் மேசையில் வையுங்கள். ஆறு வருடத்தில் மூன்று கம்பெனி மாறினேன். ஒவ்வொரு தடவையும் 30%க்குக் குறையாமல் ஏறியது. உள்ளேயே இருந்தவன் இன்னும் 8%க்கு மேனேஜர் பின்னால் சுற்றுகிறான்.

லேத்துப்பட்டறை | 17 மார்ச், காலை 9.30

உங்கள் கதை கண்ணாடிக் கட்டடத்துக் கதை. இங்கே ஆஃபரைக் காட்டினால், "சரி, நல்லபடியா போயிட்டு வாங்க" என்று கை கொடுத்து அனுப்பிவிடுவோம். அப்புறம் அந்த ஆஃபர் கொடுத்தவனும் என் கூடத்தான் சாயங்காலம் வாக்கிங் வருவான்.

பழைய மில்காரன் | 17 மார்ச், பகல் 12.20

பஞ்சாலையில் 31 வருடம். ஒரு தடவைகூடத் தனியாகப் போய்ச் சம்பளம் கேட்டதில்லை. சங்கம் உட்கார்ந்து பேசும், ஒப்பந்தம் போடும். பஞ்சப்படி விலைவாசிப் புள்ளியோடு தானாக ஏறும். முதலாளி அன்றைக்கு நல்ல மூடில் இருந்தாரா, வீட்டில் சண்டையா என்பதற்கும் எங்கள் சம்பளத்துக்கும் சம்பந்தம் இல்லை. நீங்கள் எல்லாம் ஆபீஸ் ஸ்டாஃப் என்று சொல்லிக்கொண்டு தனித்தனியாக நின்றீர்கள். இப்போது தனித்தனியாகக் கை நீட்டுகிறீர்கள்.

அது போகட்டும். கண்ணு, ஒரு கணக்குப் போட்டுப் பார். விலைவாசி வருடத்துக்கு 5% ஏறுகிறது என்று வைத்துக்கொள். 2022ல் வாங்கிய 20,400க்கு இன்றைக்குச் சமம் 22,491. ஆக 22,500 கொடுத்தாலும் அது உயர்வு இல்லை. பழைய சம்பளத்தைத் திருப்பிக் கொடுக்கிறார்கள், அவ்வளவுதான். உயர்வு என்பது அதற்கு மேலேதான் ஆரம்பம். இதைச் சொல்ல எதற்கு வெட்கப்பட வேண்டும்?

எச்ஆர் செல்வி | 17 மார்ச், மாலை 6.45

ஒருவரும் அம்மா விஷயத்தைத் தொடவில்லை. நான் 14 வருடமாகச் சம்பளப் பட்டியல் போடுகிறேன். இதில் முதலில் பார்க்க வேண்டியது 21,000 என்ற எண்ணைத்தான்.

இஎஸ்ஐக்கான மாதச் சம்பள எல்லை 21,000. 2017 ஜனவரியில் வைத்தது, இன்னும் அப்படியேதான் இருக்கிறது. பிஎஃப் மாதிரி அடிப்படையை மட்டும் இங்கே பார்ப்பதில்லை, வீட்டு வாடகைப் படி எல்லாம் சேர்த்துத்தான் கணக்கு. நீங்கள் போய் "ஏதாவது பார்த்துப் போடுங்க" என்று நின்றால் முதலாளி 1,100 போட்டு 21,500 ஆக்குவார். எல்லை தாண்டிவிட்டது. உங்களுக்கு இஎஸ்ஐ பிடித்தம் 153 மிச்சம். கைக்கு 20,060 வரும், சந்தோஷமாக இருக்கும். முதலாளிக்கு என்ன மிச்சம் தெரியுமா? அவர் கட்டும் 3.25%, அதாவது 663 ரூபாய். கொடுத்தது 1,100, மிச்சம் பிடித்தது 663. உங்களுக்குச் சம்பளம் ஏற்ற அவருக்கு ஆன செலவு 437 ரூபாய். உங்களுக்கு ஆன செலவு அம்மாவின் டயாலிசிஸ்.

வெளியே மருத்துவக் காப்பீடு எடுத்தாலும் ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு வருடக்கணக்கில் காத்திருக்கச் சொல்வார்கள்.

ஓஎம்ஆர் வாசி | 17 மார்ச், மாலை 7.10

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறதே. அதிலும் டயாலிசிஸ் உண்டு. அப்புறம், போனஸுக்கும் அதே 21,000தானே எல்லை? அதுவும் போய்விடுமா?

எச்ஆர் செல்வி | 17 மார்ச், மாலை 7.25

முதலமைச்சர் காப்பீட்டுக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000க்குள் இருக்க வேண்டும். இவருக்கு ஆறு மாதத்திலேயே அது தாண்டிவிடுகிறது.

போனஸ் போகாது. அதற்கு அடிப்படையும் பஞ்சப்படியும் மட்டும்தான் கணக்கு. இவருக்கு 12,000. இரண்டிலும் 21,000 என்றே இருப்பதால் நிறையப் பேர் குழப்பிக்கொள்கிறார்கள்.

லேத்துப்பட்டறை | 17 மார்ச், இரவு 8.50

அந்த 663க்காக எந்த முதலாளியும் கணக்குப் போட்டு 1,100 ஏற்றுவதில்லை மேடம். எங்களை ரொம்ப புத்திசாலி ஆக்குகிறீர்கள்.

இதற்குச் சுலபமான வழி இருக்கிறது, ஊரில் எல்லோரும் செய்வது. சம்பளப் பட்டியலில் 20,900 வைத்துக்கொள்ளலாம். மீதியை மாதாமாதம் வவுச்சரில் ரொக்கமாக வாங்கிக்கொள்ளலாம். இஎஸ்ஐ கார்டும் இருக்கும், பணமும் வரும். என்னிடம் பாதிப் பேர் அவர்களாகவே வந்து இப்படித்தான் கேட்கிறார்கள். பிஎஃப் பிடிக்க வேண்டாம், கையில் கொடுங்கள் என்று.

எச்ஆர் செல்வி | 17 மார்ச், இரவு 9.05

சுலபம்தான். அதற்குப் பெயர் மோசடி. இன்ஸ்பெக்டர் வந்து வவுச்சரைப் புரட்டினால் முதலில் கேட்பது "யார் எழுதினது?" என்றுதான். எழுதினது யார்? இவர்தான்.

பழைய மில்காரன் | 17 மார்ச், இரவு 9.40

வவுச்சர் பணத்துக்குப் பணிக்கொடை (கிராஜுவிட்டி) கிடையாது கண்ணு. பணிக்கொடை என்பது கடைசியாக வாங்கிய அடிப்படையை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, எத்தனை வருடமோ அத்தனை மடங்கு. 12,000க்கு 5 வருடம் என்றால் 34,615. இதில் ருசியே கடைசி அடிப்படை என்பதில்தான். இன்றைக்கு அடிப்படையில் 2,000 ஏற்றினால் போன நாலு வருடத்துக்கும் சேர்த்து ஏறுகிறது. அதனால்தான் முதலாளிகள் "ஸ்பெஷல் அலவன்ஸ்" என்று புதுப்புதுப் பெயர் வைக்கிறார்கள்.

இன்னொன்று. ஓஎம்ஆர் தம்பி சொல்வதைக் கேட்டு நாளைக்கே கிளம்பிவிடாதே. பணிக்கொடைக்கு முழு 5 வருடம் ஆக வேண்டியதில்லை, 4 வருடம் முடிந்து ஐந்தாவதில் 240 நாள் ஆனால் போதும் என்று மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உனக்கு இன்னும் கொஞ்ச மாதம்தான்.

பேரேடு | 17 மார்ச், இரவு 11.15

செல்வி அக்கா, 437 என்ற எண்ணைப் பார்த்துவிட்டு அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். மாதாமாதம் இஎஸ்ஐ சலான் போடுகிற ஆள் நான். எனக்கே இது தோன்றவில்லை.

வவுச்சர் விஷயம்: எங்கள் கம்பெனியில் நாலு பேருக்கு ஏற்கெனவே அப்படித்தான் போகிறது. "ஏற்றுக்கூலி" என்ற தலைப்பில் நான்தான் எழுதுகிறேன். ஐந்தாவதாக என் பெயரையே எழுத மனசு வரவில்லை.

லேத்துப்பட்டறை | 18 மார்ச், காலை 6.50

சரி, அப்படியானால் முறையாகக் கேளுங்கள். ஆனால் காகிதத்தை நீட்டாதீர்கள். நான் இது செய்தேன், அது செய்தேன் என்று டைப் அடித்துக்கொண்டு வந்தால் வக்கீல் நோட்டீஸ் மாதிரி இருக்கும். எங்களுக்கு மூஞ்சியைப் பார்த்துப் பேசினால் போதும்.

எச்ஆர் செல்வி | 18 மார்ச், காலை 8.30

வாயால் சொன்னதை "அப்படியா சொன்னேன்?" என்று கேட்ட முதலாளிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். காகிதத்தைக் கொடுக்க வேண்டாம், பையில் இருக்கட்டும். 20ஆம் தேதி ஜிஎஸ்டி 3பி ரிட்டர்ன் போட்டு முடித்த பிறகு போங்கள். அதற்கு முன்னால் போனால் வரி கட்டப் பணம் புரட்டும் டென்ஷனில் இருப்பார். கஷ்டத்தைச் சொல்லி ஆரம்பிக்காதீர்கள். கஷ்டம் சொன்னால் அட்வான்ஸ் கிடைக்கும், சம்பளம் ஏறாது. (இதை எத்தனை பேருக்குச் சொன்னாலும் முதல் வரியே வீட்டு வாடகைதான்.)

முக்கியமானது தேதி. இஎஸ்ஐ ஆறு ஆறு மாதமாக ஓடும்: ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச். ஆறு மாதம் தொடங்கிய பிறகு நடுவில் 21,000 தாண்டினால் செப்டம்பர் முடியும்வரை நீங்கள் உள்ளேதான், முழுச் சம்பளத்துக்கும் சந்தா கட்ட வேண்டும். ஏப்ரல் 1 முதலே ஏறினால் அன்றைக்கே வெளியே. இந்த மார்ச் வரை கட்டிய சந்தாவுக்கு மருத்துவம் டிசம்பர் 31 வரை. செப்டம்பர் வரை கட்டினால் அடுத்த ஜூன் 30 வரை. ஆகவே மே 1லிருந்து கேளுங்கள்.

ஓஎம்ஆர் வாசி | 18 மார்ச், காலை 9.10

உயர்வை ஒரு மாதம் தள்ளிப் போடுங்கள் என்று தொழிலாளியே கேட்பதா? இதை விட நல்ல செய்தி முதலாளிக்கு வேறென்ன. ஜூன் 30க்கு அப்புறம் என்ன செய்வார்? நோய் ஜூனோடு நிற்காது. நான் இன்னும் சொல்கிறேன், குடும்பத்தோடு பெற்றோருக்கும் குரூப் காப்பீடு தரும் கம்பெனிக்குப் போவதுதான் ஒரே வழி. குரூப் காப்பீடுகளில் பெரும்பாலும் பழைய நோய்க்கும் முதல் நாளிலிருந்தே பணம் உண்டு.

எச்ஆர் செல்வி | 18 மார்ச், காலை 9.40

இதில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் அதைத் தேடவும் அவகாசம் வேண்டும். அதைத்தான் ஒரு மாத உயர்வைக் கொடுத்து வாங்கச் சொல்கிறேன்.

பேரேடு | 24 மார்ச், காலை 11.05

நேற்று சாயங்காலம் போனேன். ஷிப்டு விட்டு எல்லோரும் போன பிறகு. ஆரம்பிக்கும்போது குரலே வரவில்லை, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் பேசினேன்.

சப்ளையர் பட்டியலை முதலில் காட்டினேன். மார்ச் 31க்குள் யார் யாருக்குக் கொடுத்துவிட்டால் வரி எவ்வளவு மிச்சம் என்று. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் சொன்னேன்: "நாலு வருடத்துக்கு முன்னால் செய்த வேலை வேறு, இப்போது செய்வது வேறு, 25,000 எதிர்பார்க்கிறேன்." லேத்துப்பட்டறை அண்ணா சொன்ன மாதிரியே முதலில் கரண்ட் பில், அப்புறம் ஆர்டர். நான் குறுக்கே பேசவில்லை. "21,500 வெச்சுக்கலாம்" என்றார். அந்த 437 கணக்கைச் சொன்னேன். நிமிர்ந்து பார்த்தார். பயந்துபோனேன். "என்கிட்டயே கணக்கா?" என்று சிரித்துவிட்டார்.

கடைசியில் 24,000. அடிப்படை 14,000. மே 1லிருந்து. ஏன் மே என்று கேட்டார், சொன்னேன். ஏப்ரலில் மிச்சமாகும் 3,600ஐயும் கூடுதலாகக் கட்டும் இஎஸ்ஐயையும் கூட்டிக் கழித்தால் ஆறு மாதத்தில் உங்களுக்கு ஆயிரம் ரூபாய்கூடக் கூடுதல் ஆகாது என்றேன். திங்கட்கிழமை லெட்டர் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

லேத்துப்பட்டறை | 24 மார்ச், பகல் 1.30

கொடுத்துவிட்டாரே! என் கணக்குப்பிள்ளை இதையெல்லாம் படிக்காமல் இருக்க வேண்டும்.

ஓஎம்ஆர் வாசி | 24 மார்ச், பகல் 2.00

லெட்டர் கைக்கு வரட்டும். வந்தாலும் 24,000 குறைவுதான். இன்றைக்கே ரெஸ்யூமை எடுத்து வையுங்கள்.

பழைய மில்காரன் | 24 மார்ச், மாலை 4.15

சந்தோஷம் கண்ணு. அந்த நாலு பேர் விஷயம் பேசினாயா?

பேரேடு | 24 மார்ச், இரவு 9.50

இல்லை ஐயா. மார்ச் வவுச்சர் இன்னும் எழுதவில்லை, 31ஆம் தேதி எழுத வேண்டும்.