வெஸ்டிங்: ‘உரித்தாதல்’ என்றே வைத்துக்கொள்ளலாமா?

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம்.

வங்கி ஊழியர்களுக்கான ஓய்வுக்காலப் பலன்கள் கையேட்டில் ‘வெஸ்டிங்’ (ஒரு பலன் ஊழியருக்கு உறுதியான உரிமையாகிவிடுவது) என்பதற்கு என்ன எழுதலாம் என்று கேட்டிருந்தேன். நான்கு சொற்கள் வந்தன: உரிமை முதிர்வு, உற்றமைதல், உரிமைப்பேறு, உரித்தாதல். நான் உரித்தாதல் பக்கம். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். இந்த ஒரு சொல் சரியாக உட்கார்ந்தால்தான் மாலஸ் (தள்ளிவைத்த ஊதியம் உரிமையாகாமல் தடுப்பது), கிளாபேக் (கொடுத்ததைத் திரும்பப் பெறுவது) போன்றவற்றுக்கும் சொல் அமைக்க முடியும்.

ஒரு பலன் ஊழியரிடம் வந்து சேர்வதில் மூன்று கட்டங்கள் இருக்கின்றன. தருகிறோம் என்று வங்கி சொல்வது முதலாவது. ஊழியர் வேலையை விட்டுப் போனாலும் அது அவருடையதுதான் என்றாகிவிடுவது இரண்டாவது. பணமோ பங்கோ கைக்கு வருவது மூன்றாவது. வெஸ்டிங் என்பது நடுவில் உள்ளது. சண்டையெல்லாம் வருவதும் அங்கேதான்.

> உரிமை முதிர்வு என்றால் வங்கிக்காரர் எல்லாருக்கும் உடனே புரியும். முதிர்வு தெரியாதவர் யார்?

கோவை ஐயா எழுதியது இது. ஐயா, எல்லாருக்கும் தெரிந்த சொல் என்பதுதான் எனக்குத் தடையாகத் தெரிகிறது. வங்கியில் முதிர்வு என்றால் வைப்புத்தொகையின் தவணை முடிந்து பணத்தை எடுத்துக்கொள்ளும் நாள். வெஸ்டிங்கில் அப்படி இல்லை. 2010 ஏப்ரல் 1 முதல் பொதுத்துறை வங்கிகளில் சேர்ந்தவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் கிடையாது, தேசிய ஓய்வூதியத் திட்டம்தான். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையில் ஊழியர் 10 சதவீதம் போடுகிறார், வங்கி 14 சதவீதம் போடுகிறது. வங்கி போடும் அந்தப் பணம் அந்த மாதமே ஊழியரின் தனிக்கணக்குக்குப் போய்விடுகிறது, வேறு வேலைக்குப் போனாலும் கணக்கு அவரோடு வரும். ஆனால் பெரும்பகுதியை எடுக்கப் பொதுவாக ஓய்வு வயதுவரை காத்திருக்க வேண்டும். உரிமை இன்றே வந்துவிட்டது, முதிர்வு பல ஆண்டுகள் தள்ளி. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் கையேட்டைப் படிக்கும் இளம் எழுத்தர் குழம்பிப் போவார்.

உற்றமைதல் சட்டத் தமிழில் உள்ள சொல். அதிகாரம் ஒருவரிடம் உற்றமைந்திருக்கிறது என்று எழுதும்போது கம்பீரமாகத்தான் இருக்கிறது. “என் பங்குகள் எப்போது உற்றமையும்?” என்று யாரும் மனிதவளத் துறைக்குப் போய்க் கேட்கப் போவதில்லை. உரிமைப்பேறு பெயர்ச்சொல்லாக நன்றாக இருக்கிறது, வினையாக்கினால் தடுமாறுகிறது. ‘உரிமைப்பேறு அடைந்த பங்குகள்’ என்றால் பங்குகளுக்கு ஏதோ உரிமை கிடைத்த மாதிரி ஆகிவிடும். உரிமை அடைவது ஆள்தானே?

> உரித்தாதல் என்றதும் எனக்கு வெங்காயம்தான் நினைவுக்கு வருகிறது.

தம்பி சொன்னது உண்மைதான், ‘உரித்த’ என்று தனியாக எழுதினால் அந்தப் பொருள் வரும். அதனால் உரித்து, உரித்தாகும், உரித்தான, உரித்தாகாத என்ற வடிவங்களை மட்டும் வைத்துக்கொள்வோம். எந்த விழாவிலும் நன்றியுரை சொல்பவர் “நன்றி உரித்தாகுக” என்று முடிக்கிறார், கேட்கும் யாருக்கும் உரிப்பது நினைவுக்கு வருவதில்லை. கொழும்பிலிருந்து எழுதிய அக்கா இன்னொன்றும் சொன்னார்: இலங்கையில் காணி உரித்து என்பது அன்றாடச் சொல். காணி ஒருவருக்கு உரித்து என்றால் அதில் அவர் குடியிருக்க வேண்டும் என்றில்லை, விற்றிருக்க வேண்டும் என்றில்லை. அனுபவிப்பது வேறு, உரித்து வேறு. நமக்கு வேண்டிய வேறுபாடு ஏற்கெனவே வாழும் தமிழில் இருக்கிறது என்பதில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

இப்போது சொல்லை வேலைக்கு அனுப்பிப் பார்ப்போம்.

பணிக்கொடை (கிராஜுவிட்டி) எளிது. 1972ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த கணக்குப்படி ஐந்தாண்டு தொடர்ச்சியாகப் பணி செய்த நிரந்தர ஊழியருக்கு அது உரித்தாகிறது. அதற்கு முன் விலகினால் ஒன்றுமில்லை. பணியில் இருக்கும்போதே இறந்தவருக்கும் உடல் முடங்கியவருக்கும் இந்த ஐந்தாண்டு நிபந்தனை கிடையாது, அப்போதே உரித்தாகிவிடும். பணம் வருவது பணியை விட்டு நீங்கும்போது. மூன்று கட்டங்களும் தெளிவாகப் பிரிகின்றன.

வங்கி ஓய்வூதியம் அவ்வளவு எளிதில்லை. இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1993 அக்டோபர் 29 அன்று கையெழுத்தான ஒப்பந்தத்தைத் தொடர்ந்து 1995இல் வங்கி ஊழியர் ஓய்வூதிய விதிகள் வந்தன. வங்கி போட்ட வருங்கால வைப்பு நிதிப் பங்கை விட்டுக்கொடுத்து, அதற்கு ஈடாக ஓய்வூதியம் பெறுவது என்பது ஏற்பாடு. ஓய்வு பெறும்போது குறைந்தது பத்தாண்டு தகுதிப் பணிக்காலம் இருக்க வேண்டும், முழு ஓய்வூதியத்துக்கு 33 ஆண்டு. சரி, பத்தாண்டு முடித்தவுடன் ஓய்வூதியம் உரித்தாகிவிட்டது என்று எழுதலாமா? எழுதக் கூடாது. 22ஆம் விதி, ராஜினாமா செய்தால் அதுவரையிலான பணிக்காலம் முழுவதும் இழப்பு என்கிறது. பதினெட்டு ஆண்டு வேலை பார்த்துவிட்டுக் குடும்பச் சூழலால் ராஜினாமாக் கடிதம் கொடுத்தவருக்கு ஓய்வூதியம் இல்லை. இருபது ஆண்டு முடித்து, முறையாக முன்னறிவிப்புக் கொடுத்து, விருப்ப ஓய்வு பெற்றவருக்கு உண்டு. இரண்டு பேரும் தாமாக எழுதிக் கொடுத்துத்தான் வெளியே வந்தார்கள். ஒருவர் கடிதத்தில் ராஜினாமா என்று இருந்தது, இன்னொருவர் கடிதத்தில் விருப்ப ஓய்வு என்று இருந்தது. இதைத் தெரியாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு நீதிமன்றப் படியேறியவர்கள் நிறையப் பேர்.

அதனால் நம் கையேட்டில் தகுதி, உரித்து என்ற இரண்டு சொற்களையும் கண்டிப்பாகப் பிரித்தே எழுத வேண்டும் என்பது என் வேண்டுகோள். பத்தாண்டில் வருவது தகுதி. அது நிபந்தனைகளில் ஒன்று நிறைவேறிவிட்டது என்று மட்டுமே சொல்கிறது. உரித்து வந்துவிட்டது என்று ஓர் ஊழியர் நம்பிவிட்டால் ராஜினாமாக் கடிதம் எழுதும்போது யாரையும் கேட்க மாட்டார். கையேட்டின் அந்தப் பக்கத்தை மட்டும் பெரிய எழுத்தில் அச்சிட்டாலும் தகும்.

அடுத்து, உயர் அதிகாரிகள் பகுதி. தனியார் வங்கிகளின் தலைமைச் செயல் அதிகாரிகளுக்கும், வங்கிக்குப் பெரிய இடர் உண்டாக்கக்கூடிய பொறுப்பில் இருப்பவர்களுக்கும் ஊதியம் எப்படி அமைய வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2019 நவம்பர் 4 அன்று ஒரு சுற்றறிக்கை விட்டது. மொத்த ஊதியத்தில் குறைந்தது பாதி, செயல்பாட்டைப் பொறுத்து மாறும் ஊதியமாக இருக்க வேண்டும். அந்த மாறும் ஊதியத்தில் குறைந்தது 60 சதவீதத்தை உடனே கொடுக்காமல் தள்ளிவைக்க வேண்டும், குறைந்தது மூன்று ஆண்டுக்கு. ஓய்வுக்காலப் பலன்களுக்கு வங்கி செலுத்துவது நிலையான ஊதியக் கணக்கில் சேரும். காரணம் எளிது: இன்று கொடுத்த கடன் கெட்டுப்போனது தெரிய இரண்டு மூன்று வருடம் ஆகும், போனஸ் மட்டும் இந்த வருடமே போய்விடக் கூடாது.

அந்தச் சுற்றறிக்கையில்தான் மாலஸ், கிளாபேக் இரண்டும் வருகின்றன. தள்ளிவைத்த தொகை வெஸ்ட் ஆகாமல் வங்கி தடுப்பது மாலஸ், ஏற்கெனவே வெஸ்ட் ஆனதை அது மாற்றாது. ஏற்கெனவே கொடுத்ததை, அல்லது வெஸ்ட் ஆகிவிட்டதை, ஊழியர் திருப்பித் தருவதாக ஒப்புக்கொண்டிருப்பது கிளாபேக். இரண்டுக்கும் எல்லைக்கோடு வெஸ்டிங்தான். கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் மற்றொன்று. ஆகவே மாலஸ் என்பதற்கு ‘உரித்துத்தடை’ என்பது என் பரிந்துரை. உரித்தாவதைத் தடுப்பது, அவ்வளவுதான். இதுவரை வந்த ‘அபராதம்’, ‘ஊதியக் குறைப்பு’ இரண்டும் பொருந்தவில்லை. கையில் இருப்பதிலிருந்து கட்டுவது அபராதம். மாலஸில் பணம் இன்னும் கைக்கே வரவில்லை.

கிளாபேக்குக்கு ‘திரும்ப வாங்கல்’ என்று இருவர் எழுதியிருந்தார்கள். நிறுவனம் தன் பங்குகளையே சந்தையில் திரும்ப வாங்குவதற்கு அது ஏற்கெனவே போய்விட்டது. ‘மீட்பு’ பரஸ்பர நிதியில் பணமாக்குவதைக் குறிக்கிறது. நான் ‘மீள்வசூல்’ என்கிறேன். வசூல் வங்கிக்காரர் வாயில் தினமும் புழங்கும் சொல், கொடுத்ததைத் திரும்பப் பெறும் பொருள் அதில் இருக்கிறது. வசூல் தமிழல்ல என்று ஓர் எதிர்ப்பு வரும் என்று தெரியும். ஊழியருக்குப் புரிந்தாக வேண்டிய கையேடு இது, நான் வசூலை விட மாட்டேன்.

ஒரு நிஜமான செய்தியில் வைத்துப் பார்க்கிறேன். 2019 ஜனவரியில் ஐசிஐசிஐ வங்கியின் இயக்குநர் குழு, முன்னாள் தலைமைச் செயல் அதிகாரி சந்தா கோச்சர் விஷயத்தில் எடுத்த முடிவை இந்தச் சொற்களில் எழுதினால்: “கொடுக்காத போனஸ், உரித்தாகாத பங்கு விருப்புரிமைகள் (குறித்த விலையில் பங்கு வாங்கும் உரிமைகள்), உரித்தாகியும் பயன்படுத்தாத பங்கு விருப்புரிமைகள், மருத்துவப் பலன்கள் எல்லாம் ரத்து. 2009 ஏப்ரல் முதல் 2018 மார்ச் வரை கொடுத்த போனஸ் மீள்வசூல்.” அவர் நீதிமன்றம் போனார், அது தனிக்கதை. நான் பார்ப்பது ‘உரித்தாகியும் பயன்படுத்தாத’ என்ற இடத்தை. மற்ற மூன்று சொற்களில் எதைப் போட்டாலும் இந்தத் தொடர் இப்படி அமையாது. ‘முதிர்ந்தும் பயன்படுத்தாத’ என்றால் தவணை முடிந்தும் வங்கிக்கு வராத வைப்புத்தொகை மாதிரி இருக்கிறது.

பிரிட்டனிலும் ஒரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு, கையேட்டில் ஒரு பெட்டிச் செய்தியாகப் போடலாம். 2008இல் அரசுப் பணத்தால் காப்பாற்றப்பட்ட ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்தின் தலைமைச் செயல் அதிகாரியாயிருந்த ஃப்ரெட் குட்வின் ஐம்பது வயதில் விலகினார், ஆண்டுக்கு 7,03,000 பவுண்டு ஓய்வூதியத்துடன். நாடே கொதித்தது. ஆனாலும் ஒப்பந்தப்படி உரித்தாகிவிட்டதை எடுத்துவிட எளிதான சட்டவழி அரசுக்குக் கிடைக்கவில்லை. ஒரு பகுதியை அவர் மொத்தத் தொகையாக எடுத்துக்கொண்டது போக இருந்த ஓய்வூதியம், 2009 ஜூனில் அவரே ஒத்துக்கொண்ட பிறகுதான் 3,42,500 பவுண்டாகக் குறைந்தது. உரித்து என்ற கோட்டுக்கு எவ்வளவு வலு என்பது இதில் தெரியும்.

அப்புறம், ‘கிளிஃப்’ (செங்குத்துப் பாறை) வெஸ்டிங்குக்குச் ‘செங்குத்து உரித்து’ என்று ஒருவர் எழுதியிருந்தார். மலையும் பாறையும் நமக்கு வேண்டாம். ஒருநாள்வரை எதுவும் இல்லாமல் இருந்து, அன்று முழுவதும் உரித்தாவது ‘ஒருசேர உரித்தாதல்’. பணிக்கொடை அந்த வகை. ஆண்டுக்கு இத்தனை பங்கு என்று வருவது ‘படிப்படியாக உரித்தாதல்’. அமெரிக்காவின் 401(கே) என்ற ஓய்வுக்காலச் சேமிப்புத் திட்டத்தில், ஊழியர் போடுவதற்கு இணையாக முதலாளி போடும் தொகைக்கு இரண்டு வழியும் உண்டு: மூன்று ஆண்டுக்குள் ஒருசேர, அல்லது ஆறு ஆண்டுக்குள் படிப்படியாக. ஊழியர் தாமே போட்டது முதல் நாளே முழுவதும் அவருக்கு உரித்து.

பணிக்கொடை என்ற சொல்லையே மாற்ற வேண்டும் என்று எழுதிய ஐயாவுக்கு ஒரு வார்த்தை. உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஓய்வூதியம் முதலாளியின் விருப்பத்தில் தரும் கொடையல்ல, உரிமை என்று நகாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1982 டிசம்பர் 17 அன்று சொன்னதால்தான் அந்த நாளை ஓய்வூதியர் நாளாகக் கொண்டாடுகிறோம். ஆனால் பணிக்கொடை இங்கேயும் இலங்கையிலும் வேரூன்றிவிட்டது. அதை அசைப்பதைவிட ‘பணிக்கொடை உரித்தாகிறது’ என்று எழுதப் பழகினால் கொடை என்ற பொருள் தானே பின்னுக்குப் போகும். வருங்கால வைப்பு நிதி மட்டும் இலங்கையில் சேமலாப நிதி, இரண்டையும் முதல் இடத்தில் சேர்த்தே கொடுத்துவிடலாம்.

ஊதியத்தைத் தள்ளிவைப்பதற்கு மட்டும் இன்னும் முடிவாகவில்லை. ‘ஒத்திவைப்பு’ என்றால் கூட்டத்தை ஒத்திவைத்தது மாதிரி, தேதியில்லாமல் நிற்கிறது. ‘தள்ளிவைத்த ஊதியம்’ என்று நீளமாக வந்தாலும் பரவாயில்லையா, அல்லது ‘பின்கொடை ஊதியம்’ என்று யாராவது புதிதாகத் தருவீர்களா? ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதினால் அச்சுக்கு முன் சேர்த்துவிடுவேன். பின்கொடையில் மறுபடி கொடை வருகிறது என்பதால் எனக்குத் தள்ளிவைத்த ஊதியமே மேல்.