நம்ம குடும்பம் குழு: கையால இழுக்கிற நூடுல்ஸ்

*ராஜி சித்தி:* மீனா, சீனாவுல மாவைக் கையாலயே இழுத்து மெல்லிசா நூடுல்ஸ் பண்றாங்கல்ல, நாளைக்கு அதைச் செய்யப்போறேன். மைதா எடுத்து வச்சாச்சு. எப்படிம்மா?

*மீனா:* சித்தி, அது லான்சோ ஊர் நூடுல்ஸ். மாவை மடிச்சு மடிச்சு இழுப்பாங்க, ஒவ்வொரு தடவையும் இழை ரெண்டு மடங்காகும். எட்டாவது மடிப்புல 256 இழை! கடையில நின்னு கை பழகினவங்க வேலை அது

*மீனா:* மாவும் வேற. அந்தப் பக்கத்து வறண்ட நிலத்துச் செடியை எரிச்ச சாம்பலைக் கரைச்சுச் சேர்ப்பாங்க, இப்பல்லாம் பொடியாவே விக்குது. மாவு அறுபடாம நீளுறதும் அந்த லேசான மஞ்சளும் அதனாலதான்

*குமார் மாமா:* ஆப்ப சோடா போட்டா ஆகாதா?

*மீனா:* அதுல அவ்வளவு வீரியம் கிடையாது மாமா

*மீனா:* சித்தி, நான் இருக்கிற சியான் ஊர்ல வீட்டுலயே செய்யறது பியாங்பியாங். அகலமான பட்டை நூடுல்ஸ். அதைச் செய்யுங்க, முதல் நாளே வரும்

*ராஜி சித்தி:* அளவு சொல்லு

*மீனா:* மைதா 300 கிராம், தண்ணி 150 மில்லி, உப்பு அரை ஸ்பூன். கெட்டியாத்தான் இருக்கும், தண்ணி கூட்டாதீங்க. பிசைஞ்சு 20 நிமிஷம் மூடி வச்சு, திரும்பப் பிசைங்க, வழவழன்னு ஆயிரும். அப்புறம் ஆறு துண்டு போட்டு எண்ணெய் தடவி ரெண்டு மணி நேரம் மூடி வைங்க

*குமார் மாமா:* பரோட்டா மாவு மாதிரியே இருக்கே!

*மீனா:* அதேதான் மாமா. பிசைஞ்ச சூட்டுல இழுத்தா சுருங்கிப் பின்னாடி ஓடும். ஊறினா தானா இளகிக் கொடுக்கும். எல்லாமே ஊற வைக்கிறதுலதான் சித்தி, அவசரப்பட்டுடாதீங்க

*அம்மா:* கோதுமை மாவுல வராதா? மைதா உடம்புக்கு ஆகாது ராஜி

*மீனா:* தவிடு இழுவையைக் கெடுத்துரும்மா. ஒரு நாளைக்கு மைதாவே இருக்கட்டும்

*மீனா:* துண்டை உள்ளங்கை அகலத்துக்குத் தட்டி, நடுவுல நீளவாக்குல ஒரு குச்சியை வச்சு அழுத்துங்க. ரெண்டு முனையையும் பிடிச்சு மெதுவா இழுத்துக்கிட்டே மேடையில பட்டுபட்டுன்னு அடிங்க, ஒரு கை நீளம் வரும். குச்சி அழுத்தின கோட்டுல கிழிச்சா பெரிய வளையமாப் பிரியும். நேரா கொதிக்கிற தண்ணியில போடுங்க, ரெண்டு நிமிஷம் போதும். கீரையையும் அதுலயே போட்டு எடுத்துக்கலாம்

*ராஜி சித்தி:* கறி வேணுமா? உங்க சித்தப்பா சனிக்கிழமை தொடமாட்டார்

*மீனா:* வேண்டவே வேண்டாம் சித்தி. வடிச்ச நூடுல்ஸ் மேல சோயா சாஸ், கருப்பு வினிகர் கொஞ்சம். அதுக்கு மேல மிளகாய்த்தூள், பொடியா நறுக்கின பூண்டு, வெங்காயத்தாள், உப்பு. எண்ணெயைப் புகை வர்ற வரைக்கும் காய்ச்சி அது மேல ஊத்துங்க. சர்ருன்னு பொரியும், பூண்டு வாசனை தெருவுக்கே போகும் 😍

*அம்மா:* நீ சாப்பிட்டியாடி? அங்க மணி பத்தரை இருக்குமே

*மீனா:* அதைத்தான் சாப்பிட்டேன்மா

*ராஜி சித்தி:* இங்க கருப்பு வினிகர் கிடைக்காதே

*மீனா:* சாதா வினிகர் பாதி அளவு, ஒரு சிட்டிகை சர்க்கரை. ஆனா வினிகர் இல்லாம மட்டும் விட்டுடாதீங்க, எண்ணெய் திகட்டிரும்